மனித நடமாட்டம்: இல்லை

மான் கணக்கெடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர் முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். வேட்டைக் காலம் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போதே மான்கள் வழியை மாற்றிக்கொள்கின்றனவே, அது எப்படி? அவற்றுக்குத் தேதி சொன்னது யார்?

பதில்களை உங்களுக்கு வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். பகல் சுருங்குகிறது. ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கின்றன. சோள வயலை அறுத்துவிடுகிறார்கள், மறைவிடம் போய்விடுகிறது. கோடையெல்லாம் கூட்டாளிகளாகத் திரிந்த ஆண் மான்கள் ஒன்றையொன்று முறைக்க ஆரம்பிக்கின்றன. வேட்டைக்காரர்கள் முன்னாடியே வந்து மரத்தில் பரண் கட்டி, காட்டைக் கலைத்துவிடுகிறார்கள். எல்லாமே உண்மைதான். எல்லாமே உண்மையாக இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல். பட்டியலில் நமக்குப் பிடித்த காரணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன், அதுவும் நாலு பேர் முன்னால் மேஜையைத் தட்டி. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒன்பது நாட்களை நினைத்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது.

நான் அடிப்படையில் கோழி டாக்டர். நாமக்கல் பக்கத்தில் கோழிப் பண்ணைகளுக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தவன் மேல்படிப்புக்கு நியூ ஜெர்சி வந்தேன். கோழியை விட்டுவிட்டு மானைப் பிடித்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில், ஐந்தே பேர் வேலை செய்த ஒரு சிறிய கணக்கெடுப்பு நிறுவனத்தில் இருந்தேன். பாஸ் ஒரு அமெரிக்கப் பெண்மணி. அளந்துதான் பேசுவார். என் கிரீன் கார்டு மனு அவருடைய கையெழுத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடந்த இடம் மான்மவுத் ஜங்ஷன் பக்கம். வரிசையாக வீடுகள். வீடுகளின் பின்னால் ஒரு நடைபாதை. நடைபாதையை அடுத்து, யாரும் பறிக்காமல் காடாகிப் போன ஒரு பழைய ஆப்பிள் தோட்டம். அதற்கப்பால் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டினால் அடர்ந்த காடு. நடைபாதையின் ஒரு முனையில்தான் பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கும். என் வீடும் அந்த வரிசையில்தான் இருந்தது. அந்த பஸ்ஸில்தான் என் ஒன்பது வயது மகளும் போவாள்.

மான்கள் பெருகிவிட்டன, அந்த இலையுதிர் காலத்தில் வில் வேட்டைக்கு அனுமதி தரலாம் என்று ஊரில் முடிவு செய்திருந்தார்கள். வேட்டைக்காரர்கள் எதுவரை வரலாம், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று வரைபடம் போட்டுத் தரவேண்டியது எங்கள் பொறுப்பு. ஒன்பது பெண் மான்களுக்கு ரேடியோ வைத்த கழுத்துப்பட்டை மாட்டிவிட்டோம். தினமும் விடிகாலையும் மாலையும், அதாவது மான்கள் மேயக் கிளம்பும் அந்த இரண்டு வேளைகளிலும், ஆன்டெனாவும் கையுமாக நான் நடைபாதை முனையிலிருந்த பெஞ்சுக்குப் போய்விடுவேன். எந்த மான் எந்தத் திசையில் இருக்கிறது என்று டிக் டிக் சத்தத்தை வைத்துக் குறித்துக்கொள்வேன்.

அதே இரண்டு வேளைகளில் அதே பாதையில் இன்னொரு கூட்டமும் நடக்கும். அதன் தலைவர் என் மாமனார்.

மாமனார் ஈரோட்டு பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியாரோடு ஏப்ரலில் விசிட்டர் விசாவில் வந்திறங்கினார். ஒரு வாரம் ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் மனிதரே இல்லை, கார்கள்தான். பத்தாம் நாள் இவரைப் போலவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு தஞ்சாவூர்க்காரரைக் கண்டுபிடித்தார். ஒரு மாதத்துக்குள் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள். காலை ஆறு மணிக்கு ஒரு நடை, மாலை ஐந்தரைக்கு ஒரு நடை. சர்க்கரை அளவிலிருந்து சின்ன வெங்காயம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்பது வரை பேசாத விஷயம் கிடையாது. பேசுவதும் எதிர்க்கரையில் இருப்பவரோடு பேசுவது போலத்தான். மாமனார் ஒரு நோட்டுப் போட்டு வருகைப் பதிவு வேறு எடுத்தார். பழக்கதோஷம்.

"பத்மநாபன் இன்னைக்கும் லேட்டுங்க. ஆறு மணி வண்டிக்கு ஆறேகாலுக்கு வந்தா எப்படி?" என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் புகார் சொல்வார். யாராவது பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றித் தருவார்கள். குடித்துவிட்டு, ஒன்பது மான்களும் ஓடைக்கு அந்தப் பக்கம், வானம் தெளிவு, காற்று லேசு, மனித நடமாட்டம் இல்லை என்று படிவத்தை நிரப்பிக்கொண்டு நான் அலுவலகம் கிளம்புவேன்.

மே முதல் ஆகஸ்ட் வரை ஒரே நிலைதான். ஒரு மான்கூட விடிகாலையிலோ மாலையிலோ ஓடையைத் தாண்டி ஆப்பிள் தோட்டத்துக்கு வரவில்லை. எனவே வரைபடத்தில் ஓடையையே கோடாகப் போட்டேன். வேட்டைக்காரர்கள் ஓடைக்கரை வரை வந்து பரண் கட்டலாம். மான்கள் காட்டுப் பக்கம்தான் இருக்கும், எனவே அம்பும் காட்டைப் பார்த்துத்தான் போகும், வீடுகளுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள் என்பது என் கணக்கு. அடியில் என் கையெழுத்து. அமெரிக்காவில் நான் தனியாகக் கையெழுத்துப் போட்ட முதல் வரைபடம் அது. பெருமையில் ஒரு நகல் எடுத்து வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன்.

செப்டம்பரில் விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் மூன்றாம் எண் மான் முதன்முதலாக ஓடையைத் தாண்டியது. நான் கவலைப்படவில்லை. எந்த ஊரிலும் ஒரு அடங்காதது இருக்கும். அடுத்த வாரம் மூன்று மான்கள். வேட்டை தொடங்க ஒன்பது நாட்களே இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மாலை, ஒன்பதில் ஏழு ஆப்பிள் தோட்டத்தில் நின்றன. ஆன்டெனாவை வீடுகள் பக்கம் திருப்பத் திருப்பச் சத்தம் கூடிக்கொண்டே போனது. இந்த நிலையில் ஓடைக்கரைப் பரணில் ஒருவர் வில்லோடு உட்கார்ந்தால் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவார்? மான் இருக்கும் பக்கம். அந்தப் பக்கம்தான் நடைபாதையும், வீட்டுக் கொல்லைகளும், பஸ் நிற்கும் இடமும் இருந்தன.

பட்டியலிலிருந்து எனக்குப் பிடித்த காரணத்தை உடனே எடுத்துக்கொண்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை ஊர் அதிகாரிகளும் வேட்டைக்காரர்களும் உட்கார்ந்த கூட்டத்தில் மேஜையைத் தட்டிச் சொன்னேன். "யாரோ அனுமதி தொடங்கும் முன்னரே காட்டுக்குள் போய்ப் பரண் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மான்கள் இந்தப் பக்கம் தள்ளப்படுகின்றன. விதியை மீறுகிறவர்களுக்காக வரைபடம் போட முடியாது." என் வரைபடம் சரி, ஊர்தான் தப்பு என்பது இதன் சுருக்கம்.

வேட்டைக்காரர்கள் சார்பில் வந்திருந்தவர் எங்கள் தெருவின் தபால்காரர். நாற்பது வயதிருக்கும், சிவந்த முகம். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "நாளைக்குக் காலையில என்கூட வாங்க. காட்டைப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

சனிக்கிழமை போனோம். அவர் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். ஏன் என்று இருபதடி போனதும் புரிந்தது. பாதையின் குறுக்கே சிலந்தி வலை. முகமெல்லாம் ஒட்டியது. துடைத்துவிட்டு நடந்தால் அடுத்த வலை. ஒரு மணி நேரம் அந்தக் காட்டில் இருந்த வலைகளை எல்லாம் நான்தான் முகத்தால் கிழித்தேன். பல நாட்களாக அங்கே ஒரு மனித முகம் போகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஓக் கொட்டைகள் ஓடையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து கிடந்தன. காட்டுக்குப் பின்னாலிருந்த சோளம் அறுபடாமல் நின்றது. என் பட்டியல் மொத்தமும் ஒரே காலையில் காலி. தபால்காரர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அப்போதே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாமியாருக்கு ஊர் திரும்பும் விமானம். விசாவின் ஆறு மாதம் முடியப் போகிறது. மதியமே விமான நிலையத்தில் வரிசையில் நின்றோம். வழக்கம்போலப் பெட்டி எடை கூடிவிட்டது. நடுக் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஷாம்பூ பாட்டில்களையும் ஒரு ஊறுகாய் ஜாடியையும், ஏன் ஊருக்கே திரும்பப் போகிறது என்று யாருக்கும் தெரியாத ஊறுகாய் அது, வருகைப் பதிவு நோட்டையும் வெளியே எடுத்து என் மனைவியின் கையில் திணித்தார்கள்.

உள்ளே போகுமுன் மாமனார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாப்ள, ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். ஆறு மாசம் அந்தப் பாதையிலயே காலையும் மாலையும் நடந்துட்டேன். ஒரு மானைக்கூடக் கண்ணுல பாக்கலீங்க. ஊர்ல போயி மாப்ள மானு வேலை பாக்கறாருன்னா, எத்தனை மானு பாத்தீங்கன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றதுங்க?"

எனக்கு இருந்த எரிச்சலில், "நீங்க பேசற பேச்சுக்கு மான் எப்படி மாமா வரும்? பதினாலு பேரு சேர்ந்து கத்தினா புலியே வராது" என்றேன். காதில் விழுந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும் வழியில் சுங்கச் சாவடியில் காரை நிறுத்தினேன். காசைக் கையில் எடுத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் அங்கே சொன்ன வாக்கியம் அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. பின்னால் ஹாரன்.

"என்னாச்சுங்க? காசைப் போடுங்க" என்றாள் மனைவி.

"உங்கப்பா கோஷ்டில மத்தவங்கல்லாம் எப்பப்போ ஊருக்குப் போனாங்க?"

"அதான் நோட்டுல எழுதியிருப்பாரே. எதுக்கு இப்போ?"

"எடுத்துப் படி."

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஊர் திரும்பியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, டிப்போவில் வண்டி புறப்பட்ட நேரம் எழுதுவது போலத் தேதி நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். அவள் படிக்கப் படிக்க நான் ஓட்டினேன். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் தஞ்சாவூர்க்காரரும் சம்சாரமும். அடுத்த வாரம் ஐந்து பேர். அதற்கடுத்த வாரம் நான்கு பேர். போன வியாழன் பத்மநாபன், அன்றைக்கும் தாமதமாக என்ற குறிப்போடு. ஏப்ரலில் வந்தவர்கள் எல்லோருக்கும் ஆறு மாதம் ஒரே சமயத்தில் முடிகிறது. குளிர் வருமுன் கிளம்பிவிடுகிறார்கள். நம் வீடுகளில் வருஷா வருஷம் நடப்பதுதான். எனக்கு அந்த ஸ்டியரிங் வீலை விட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டையும் என் சிக்னல் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஆட்கள் குறையக் குறைய மான்கள் தாண்டியிருக்கின்றன. ஒரு குழு கிளம்புகிறது, இரண்டு நாளில் இரண்டு மான்கள் வருகின்றன. விழுந்த ஆப்பிளுக்காக அவை கோடையெல்லாம் காத்திருந்திருக்கின்றன. அவற்றை ஓடைக்கு அப்பால் நிறுத்தி வைத்திருந்தது காடும் இல்லை, என் மகத்தான கோடும் இல்லை. என் மாமனாரின் கோஷ்டி.

பிறகு படிவங்களைப் புரட்டினேன். நூற்றுக்கணக்கான தாள்கள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் 'மனித நடமாட்டம்: இல்லை'. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரர் நாயோடு ஓடியபோது 'ஒருவர்' என்று எழுதியிருந்தேன். சைக்கிளில் போன இரண்டு சிறுவர்களை எழுதியிருந்தேன். பதினான்கு பேர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். நான் பொய் எழுதவில்லை. நம்மவர்கள் என்பதால் அவர்கள் என் கண்ணில் மனித நடமாட்டமாகவே படவில்லை. வீட்டுக் கூடத்தில் அப்பா உலாவுவதை யாராவது குறித்து வைப்பார்களா? அப்படித்தான் இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், வெட்கத்தைவிடக் குதூகலம் அதிகமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பாஸிடம் ஓடினேன். அவர் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இலையுதிர் காலத்தில் எல்லாமே குறையும். இலை குறைகிறது, வெயில் குறைகிறது. உன் மாமனாரின் நண்பர்களும் குறைந்திருக்கிறார்கள். அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வாய்?" நியாயமான கேள்வி. இதே கேள்வியை என் வேட்டைக்காரர் கதைக்கும் என்னையே கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமை மானம் போயிருக்காது.

ஒரே வழிதான். அந்தப் பாதையில் மறுபடி ஆட்களை நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். சத்தமாகப் பேசுகிற ஆட்கள். செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும். சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது. வேலைநாளில் எங்கள் தெருவில் அப்படி யார் கிடைப்பார்கள் என்று மனைவியிடம் புலம்பினேன்.

"நவராத்திரி நடக்குதுங்க. மறந்துட்டீங்களா?" என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கொலு வைக்கிற வழக்கம் குறைவு. ஜெர்சிக்கு வந்தபின் எல்லோரும் எல்லோர் வீட்டுக்கும் போகப் பழகிவிட்டார்கள். நாலு வீடு தள்ளிப் போவதற்கும் கார்தான். கொலுவுக்குப் பெயர் பெற்ற வீடு விஜயாவுடையது, சென்னைக்காரர். அவரிடம் போய் நின்றேன்.

"என்ன சார், பட்டுப்புடவை கட்டிக்கிட்டு பின்னாடி பாதையில நடக்கணுமா? கார் எதுக்கு வாங்கி வெச்சிருக்கோம்?"

"மூணே நாள்ங்க. அஞ்சரைலேர்ந்து ஆறரை வரைக்கும். இருட்டறதுக்குள்ள வீட்டுக்குள்ள போயிடலாம். நடக்கும்போது பேசிக்கிட்டே நடக்கணும்."

"அதெல்லாம் நீங்க சொல்லித் தரவே வேணாம். ஷூ போட்டுக்கலாம்ல?"

செவ்வாய் மாலை அவர்கள் கிளம்பிய காட்சியை நான் மறக்க மாட்டேன். காஞ்சிபுரம் பட்டு, மேலே ஜாக்கெட், காலில் வெள்ளை ஷூ, கையில் சுண்டல் டப்பா. பன்னிரண்டு பெண்களும் கூடவே குழந்தைகளும். என் மகள் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்து, "அப்பா, ஸோ வீ ஆர் த எக்ஸ்பெரிமென்ட்?" என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று ஒரு மானும் அசையவில்லை. ஏழும் தோட்டத்திலேயே நின்றன. பாஸ் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று படுத்துவிட்டேன்.

புதன் மாலை இரண்டு மான்கள் ஓடைக்கரைக்கு நகர்ந்தன. அன்று தபால் வண்டியை நிறுத்தி அந்தத் தபால்காரர் இந்த ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜயா அவர் கையில் ஒரு கப் சுண்டலைக் கொடுத்து விஷயத்தையும் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் சீருடையோடே வந்து அவரும் சேர்ந்து நடந்தார். அவர் குரலும் கொஞ்சம் கனமான குரல்தான். அன்று ஐந்தே முக்காலுக்கு மூன்றாம் எண் ஓடையைத் தாண்டிக் காட்டுப் பக்கம் திரும்பியது. அப்புறம் ஆறாம் எண். பெஞ்சில் உட்காரவே முடியவில்லை எனக்கு. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினேன். ஆறேகாலுக்கு ஏழும் ஓடைக்கு அப்பால். சத்தம் தேய்ந்து தேய்ந்து காட்டுக்குள் போனது. அந்த டிக் டிக்கை அன்றைக்குக் கேட்டது போல நான் எந்தச் சங்கீதத்தையும் கேட்டதில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து பாஸுக்குப் போன் செய்தேன். ஏழரைக்கு ஊர்க் கூட்டம், சனிக்கிழமைக்கு முந்தைய கடைசிக் கூட்டம். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பிரச்சினை தீர்ந்தது. சனிக்கிழமை காலையிலும் அவர்களை நடக்கச் சொல். மான்கள் அந்தப் பக்கம் போய்விடும். வரைபடம் அப்படியே இருக்கட்டும். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை" என்றார்.

உங்களிடம் ஒளிக்க மாட்டேன். அரை நிமிஷம் அது எனக்கு அருமையான யோசனையாகவே பட்டது. கையெழுத்து தப்பிக்கும். கிரீன் கார்டு தப்பிக்கும். தபால்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எதிரே ஃபிரிட்ஜில் அந்த வரைபடம். அதன் கீழே என் மகள் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், பாவாடை ஓரமெல்லாம் புல். ஓடைக்கரையில் பரணும் வில்லும், இந்தப் பக்கம் இவளும் இவள் அம்மாவும் வேலியாக நடப்பதும் ஒரே படமாக என் கண்ணில் வந்தது.

"இல்லை, வரைபடத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்றேன்.

"அது நிறுவனத்தின் வரைபடம்."

"கையெழுத்து என்னுடையது. என் கையெழுத்தைக் காப்பாற்ற என் வீட்டு ஆட்களைக் காவலுக்கு நிறுத்த மாட்டேன்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் அந்தக் கூட்டத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே எழுந்து மூன்று விஷயம் சொன்னேன். கோடு தவறு. தவறு என்னுடையது, ஆறு மாதம் என் கண்ணெதிரே நடந்த பதினான்கு பேரை நான் கணக்கில் எடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை வேட்டைக்காரர்கள் மேல் நான் சொன்னது பொய்ப் பழி, மன்னிக்க வேண்டும். ஓர் அதிகாரி, "சனிக்கிழமைக்கு எங்களிடம் வரைபடமே இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தபால்காரர் எழுந்தார். தன் ஆட்கள் யாரும் முதல் வாரம் காட்டுக்குள் வர மாட்டார்கள், புதுக் கோடு வரும்வரை காத்திருப்பார்கள், பரண்களை ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, காட்டுக்குள் இருக்கும் மேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்கள் என்றார். அந்தச் சீசனுக்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கும் மனிதர் அவர். வெளியே வந்தபோது என் தோளில் தட்டி, "முகத்துல இன்னும் வலை ஒட்டியிருக்கு" என்றார். நான் நிஜமாகவே துடைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிப் போனார்.

பாஸ் இரண்டு வாரம் என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. பிறகு புது வரைபடத்தில் என் கையெழுத்துக்குக் கீழே தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். கிரீன் கார்டு மனுவை அவர் தொடவே இல்லை, அது தன் பாட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தது. அந்தச் சீசனில் ஓர் அம்புகூட ஓடையைத் தாண்டவில்லை.

குளிர்காலத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அதுவரை மாமனாரின் நோட்டில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன். தினசரி வருகை தேவைப்பட்டதால் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கட்டம் போட்டு, பெயர் எழுதி, காலைக்கு ஒரு டிக், மாலைக்கு ஒரு டிக். பதினான்கு பெயர்களை எண்ணினேன். பதினைந்து இருந்தன.

பதினைந்தாவது வரியில் 'மாப்பிள்ளை' என்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் டிக். மழைக்கு நான் வராத நாட்களில் ஆப்சென்ட். ஒருநாள் மட்டும் ஓரத்தில் பென்சிலில், 'முகம் வாட்டம், சாப்பிடலை போல'. அப்படியே ஈரோட்டுக்குப் போன் போட்டேன்.

"மாமா, நான் எங்க உங்களோட நடந்தேன்? பெஞ்சுல உக்காந்து காபிதானே குடிச்சேன். என்னை ஏன் எழுதினீங்க?"

"தினமும் அந்த எடத்துக்கு வந்தீங்களே மாப்ள. வந்த ஆளை எழுதாம வுட்டா அப்புறம் நோட்டு எதுக்குங்க?"

இப்போது உங்கள் படிவத்தை எடுங்கள். மனித நடமாட்டம் என்ற கட்டம் இருக்கிறதல்லவா, அதில் முதலில் உங்கள் பெயரை எழுதிவிட்டு மற்றவர்களை எண்ணத் தொடங்குங்கள்.